பத்தாவது கையெழுத்து

அந்த டிக்கெட்ட அப்படிச் சுருட்டாதீங்க தம்பி. சுருட்டிச் சுருட்டிக் காதக் கொடஞ்சுட்டு, கடைசியில செக்கிங் ஏறினா எழுத்து அழிஞ்சு போயி நிக்கும். சட்டப் பையில வைங்க. ஆங். மணப்பாறைதானே? நான் எட்டிப் பாக்கல, கண்ணு தானாப் போகுது. முப்பத்தொரு வருசம் போக்குவரத்துக் கழகத்துல இருந்தவன். மொத ஒம்பது வருசம் கண்டக்டர், பெறகு இருபத்திரெண்டு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டர். பேரு சௌந்தரபாண்டி. திண்டுக்கல் டிப்போவுல இப்பப் போயி அந்தப் பேரச் சொன்னாலும் நாலு கண்டக்டர் எந்திரிச்சு நிப்பான். மரியாதையிலதான்னு நான் நெனச்சுக்கிருவேன்.

எங்க போறீங்கன்னு நீங்க கேக்கல. கேக்கமாட்டீங்க, இந்தக் காலத்து ஆளுக. நானே சொல்றேன். திருச்சி, கருமண்டபம். எம் பொண்ணு பொற்கொடி வீடு. பதினாலு மாசம் கழிச்சுப் போறேன். நாலு மணிக்கு உள்ள போகணும், அஞ்சு மணிக்கு வெளிய வந்துரணும். பெத்த அப்பனுக்கு நேரம் எழுதிக் குடுத்திருக்கா, பஸ் ஸ்டாண்டுல வண்டிக்குக் குடுக்குற மாதிரி. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. அதுக்கு மேல ஒரு கண்டிசன் வேற இருக்கு. அத அப்பறம் சொல்றேன்.

இந்தப் பையில என்ன இருக்கு தெரியுமா? பேத்திக்கு ஒரு பொம்ம. பொண்ணுக்கு மலைப்பூண்டு. பெறகு இந்த நோட்டு. இதுல ஒம்பது கையெழுத்து இருக்கு, பத்தாவது இன்னைக்கு வாங்கணும். வாங்கினாத்தான் எனக்கு அந்த வீட்டுக்குள்ள போக வர வழி. இல்லாட்டி பேத்திய நான் போட்டோவுலதான் பாக்கணும்.

கவுன்சிலிங்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? போயிருக்கீங்களா? போகாதீங்க. நான் போயிட்டு வந்தவன் சொல்றேன். ஒம்பது வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. எங்க ஊருலயே ஒரு அம்மா இருக்காங்க, எஸ்தர்னு பேரு. டாக்டரான்னு கேட்டேன். ‘இல்ல சார், ஆலோசகர்’னாங்க. ஊசி கெடையாது, மாத்திர கெடையாது. கீழ ஒரு ஜெராக்ஸ் கட, மேல ஒரு ரூம்பு. உள்ள ரெண்டு நாற்காலி. நேருக்கு நேராப் போடாம ஒண்ணக் கோணலாப் போட்டிருக்காங்க. பாக்கவே சகிக்கல, நானே இழுத்து நேராப் போட்டு உக்காந்தேன். அடுத்த வாரம் போனா மறுபடியும் கோணல். எட்டு வாரமும் நான் நேராக்குறதும் அவங்க கோணலாக்குறதும்தான்.

நடுவுல ஒரு சின்ன மேஜ. அது மேல ஒரு பெட்டி நெறையக் காகிதம். எதுக்குங்கறீங்க? அழுதா மூக்கத் தொடைக்க. வர்றவன் அழுவான்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சிருக்கிற எடம் ஒலகத்துலயே அது ஒண்ணுதான். சுடுகாட்டுலகூட அவனவன் துண்ட அவனவன்தான் கொண்டு போறான்.

சரி, என்ன பண்றாங்கன்னு பாத்தா, ‘ம்’ங்கறாங்க. நாம பேசப் பேச அவங்க ‘ம்’. இந்த ‘ம்’முக்கு ரெண்டு வருசம் படிப்பாம், செவுத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்கு. எம் பொண்டாட்டி விசாலம் முப்பத்தாறு வருசமா எனக்கு ‘ம்’ சொல்லிக்கிட்டிருக்கா, அவளுக்கு யாரு சட்டம் மாட்டினா? ‘ம்’ இல்லாட்டி இன்னொண்ணு இருக்கு. ‘அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ எதச் சொன்னாலும் இது. ‘எம் பொண்ணு எங்கிட்ட மறச்சுட்டா மேடம்.’ ‘அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ எப்படி இருக்கும்? வெயில்ல நின்னேன், வேர்த்துச்சு, அப்படித்தான் இருந்துச்சுன்னேன். அதயும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டாங்க.

நான் சும்மா விடுவேனா? மொத நாளே இந்த நோட்டத் தூக்கி மேஜ மேல வச்சேன். ‘மேடம், மொத்தம் பத்து டிரிப்பு. ஒவ்வொரு டிரிப்புக்கும் நான் உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க.’

‘எதுக்கு சார்?’

‘பொண்ணு கேட்டா ஆதாரம் வேணும்ல.’

‘அவங்க ஆதாரம் கேட்டாங்களா?’

‘கேக்கல. கேக்காட்டி? நம்பிருவாளா?’

அதுக்கும் ‘ம்’. ஆனா கையெழுத்துப் போட்டாங்க. இந்தா பாருங்க, பதினொண்ணு ரெண்டு, பதினொண்ணு அம்பத்திநாலு. நிமிசம் கரெக்டாப் போட்டிருக்கேன். அம்பது நிமிசந்தான் பேசலாம்னாங்க, ரெண்டு நிமிசம் நமக்கு லாபம்.

எதுக்கு அங்க போனேன்னு சொல்லலயே. இது என்ன ஊரு, வடமதுரையா? நேரம் இருக்கு.

பொற்கொடி எனக்கு ஒரே பொண்ணு. படிப்புல கெட்டி. எட்டாவதுலேருந்து டியூசன், பெறகு காலேஜு, எல்லாமே டவுன் பஸ்ஸுலதான். எங்க குடும்பத்துக்கு இலவச பாஸ் உண்டு தம்பி. நான் வாங்கிக் குடுக்கல. ஏன்னு கேளுங்க. பாஸ்ல போனா எங்க ஏறுன, எங்க எறங்குனன்னு தெரியாது. டிக்கெட்டுன்னா எல்லாமே அதுல இருக்கு, எந்த வண்டி, எத்தனாவது ஸ்டேஜு, எத்தனாவது டிரிப்பு. தெனமும் சாயங்காலம் வந்ததும் டிக்கெட்ட எங்கிட்டக் குடுத்துரணும். நான் நம்பரப் பாத்துட்டு, அந்த வண்டி கண்டக்டர்கிட்ட மறுநா கேட்டுக்குவேன். அவ காலேஜு முடிக்கிற வரைக்கும், ஒரு நா விடாம.

‘ஒரு நாளாச்சும் தப்பு இருந்துச்சா?’ன்னு எஸ்தரம்மா கேட்டாங்க.

‘ஒரு நாகூட இல்ல மேடம்’னேன்.

‘அப்ப ஏன் நிறுத்தல?’

என்ன கேள்வி பாருங்க. நான் செக் பண்ணினதுனாலதான் தப்பே இல்ல. நிறுத்தியிருந்தா? எந்த வண்டியில செக்கிங் ஏறமாட்டான்னு தெரியுதோ அந்த வண்டியிலதான் கள்ள டிக்கெட்டு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். படிச்சவங்களுக்குத் தெரியல.

கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ள நல்ல பையன், பேரு தமிழரசன், திருச்சியில இன்சினியர். கொஞ்சம் அசடு. எதுக்கெடுத்தாலும் ‘அவ இஷ்டம் மாமா’ம்பான். பொண்ணு அங்கயே ஒரு காலேஜுல டீச்சரு. பேத்தி பொறந்துச்சு, ஆதிரைன்னு பேரு. போன வருசம் புள்ள ஸ்கூலு சேந்தப்ப, ஒரு வாரம் இருந்துட்டு வருவோம்னு நான் மட்டும் போனேன். விசாலத்துக்கு முட்டி வலி. அங்கதான் வெனையே.

புதன்கெழம பாருங்க, காலேஜு நாலு மணிக்கு முடியுது, இவ வீட்டுக்கு ஆறரைக்கு வர்றா. ‘ஏம்மா லேட்டு?’ன்னேன். ‘வேல இருந்துச்சுப்பா’ன்னா. சொல்லும்போது ஒரு நொடி நின்னு சொன்னா. அந்த ஒரு நொடிய எனக்குத் தெரியாதா? டிக்கெட் எடுக்காதவன், ‘எடுத்துட்டேனே’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பான். இருபத்திரெண்டு வருசம் நான் சம்பளம் வாங்கினதே அந்த ஒரு நொடிக்குத்தான். சரின்னு விட்டுட்டேன். அடுத்த புதன் வரைக்கும் இருந்தேன்.

தலையில துண்டப் போட்டுக்கிட்டு காலேஜு வாசல்ல நின்னேன். வந்தா. பஸ் ஏறினா. நான் பின்னாடி வாசல்ல ஏறினேன். வீட்டு ஸ்டாப்புல எறங்கல. ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கி, ஒரு சந்துல புகுந்து, ஒரு மாடி ஏறினா. போர்டப் பாத்தேன். மனநல ஆலோசன மையம். ஏறிப் போனேன். வெளி ரூம்புல நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடியே சத்தமாக் கேட்டேன்: ‘எம் பொண்ணு என்ன பைத்தியமா?’

கேக்கலாமா கூடாதா? நீங்களே சொல்லுங்க. பெத்தவன் கேக்காம யாரு கேப்பா?

கதவத் தொறந்து வெளிய வந்தா. மூஞ்சி செவந்து போச்சு. என்னக் கையப் புடிச்சு மாடிப்படிக்குக் கூட்டிட்டுப் போனா. மாப்பிள்ளைக்குத் தெரியுமாம். மாப்பிள்ள அம்மாவுக்குத் தெரியுமாம். ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. படியில நின்னு என்னமோ சொன்னா. நானும் ஒண்ணு சொன்னேன். அது எதுக்கு இப்ப. அன்னைக்கு ராத்திரி வண்டிக்கே என்ன அனுப்பி வச்சுட்டா. ஒரு வாரங் கழிச்சு அவ அம்மாவுக்குப் போன். ‘அப்பா எங்க வீட்டுக்கு வரணும்னா, மொதல்ல பத்துத் தடவ இதே மாதிரி ஒருத்தர்கிட்ட போயி உக்காந்துட்டு வரட்டும்.’

எனக்கு! தண்டன! ஒளிஞ்சு போனவ அவ, கண்டுபிடிச்சவன் நான். அவார்டு குடுக்கணும் எனக்கு.

பதினோரு மாசம் போகல. வீம்புதான். எம் பேத்தி பொறந்த நாளுக்கு விசாலம் அடுக்களைக்குள்ள போயி போன வச்சுக்கிட்டுப் பேசுறா. கூடத்துல நான் உக்காந்திருக்கேன். புள்ள அங்க பாட்டுப் பாடுது. எனக்குக் கேக்கணும்னு இவ சத்தத்தக் கூட்டி வச்சிருக்கா, ஆனா எங்கிட்டத் தரல. மறுநா போயி அந்த மாடியேறினேன். பேத்திக்காகப் போனேன், வேற ஒண்ணுமில்ல.

எஸ்தரம்மா என்னென்னவோ பண்ணிப் பாத்தாங்க. கண்ண மூடுங்க, மூச்ச விடுங்கன்னாங்க. நான் மூச்சு விடாமலா அத்தன படி ஏறி வந்தேன்? ஒரு நா, ‘உங்கள யாராச்சும் செக் பண்ணாம நம்பியிருக்காங்களா சார்?’னாங்க. ஏழாவது டிரிப்பு அது. அதுக்குப் பழைய கத ஒண்ணு சொன்னேன். நான் கண்டக்டரா சேந்து மூணாவது வருசம். ஒரு வயசான ஆளு, ஏறினதுலேருந்து தூக்கம். டிக்கெட்டக் கையில குடுத்தேன். தூக்கத்துல எங்கயோ விட்டுட்டாரு. செக்கிங் ஏறினான். ‘நீ குடுக்கவே இல்ல’ன்னான். நான் குடுத்தேன் தம்பி. குடுத்தேன். அந்தாளும் முழிச்சு, ‘தெரியலயே’ன்னுட்டாரு. மூணு மாசம் சஸ்பெண்டு. வீட்டுல எங்கப்பாவே கேட்டாரு, ‘நெசமாக் குடுத்தியா?’ன்னு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே கேக்குற எடத்துலதான் நான் நிப்பேன், பதில் சொல்ற எடத்துல நிக்கமாட்டேன்னு. பரீட்ச எழுதி இன்ஸ்பெக்டர் ஆனேன்.

அதச் சொல்லும்போது அந்தக் காகிதம் ஒண்ணு எடுத்தேன். ரெண்டோ மூணோ. ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிச்சுது, சளி. அந்தம்மா என்னமோ பெருசா நடந்துட்ட மாதிரி பென்சிலக் கீழ வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காங்க. பாவம், அவங்களுக்கும் எதாச்சும் ஒண்ணு தேறினாத்தானே பொழப்பு.

இப்பத்தான் நான் அவங்கள மாட்ட வச்ச கதைக்கு வர்றேன். இதக் கேளுங்க.

எட்டாவது வாரம், ‘சனிக்கெழம வரட்டுமா மேடம்?’னு கேட்டேன். ‘சனிக்கெழம நான் ஊருல இருக்கமாட்டேன் சார்’னாங்க. ‘எங்க?’ன்னேன். ஒரு நொடி நின்னு, ‘சொந்த வேல’ன்னாங்க. நின்னாங்க தம்பி! அந்த ஒரு நொடி! விடுவேனா? சனிக்கெழம காலையில பஸ் ஸ்டாண்டுல துண்டோட நின்னேன். வந்தாங்க. மதுர வண்டி. பின்னாடி நானும் ஏறினேன். ஆரப்பாளையத்துல எறங்கி நடந்தாங்க. ஒரு தெரு, ரெண்டு தெரு. ஒரு வீட்டுக்குள்ள போனாங்க. போர்டு என்னன்னு நெனக்கிறீங்க? மனநல ஆலோசகர்! எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற ஆளு, ரகசியமா இன்னொரு ஆளுகிட்ட வைத்தியத்துக்கு வருது!

எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம், பத்து நிமிசம். வெளிய வந்தாங்க. கண்ணு ஈரமா இருக்கு. நேரா முன்னால போயி நின்னேன். ‘மேடம், டிக்கெட்?’னேன். அப்படியேதான் கேட்டேன். வாயில வந்துருச்சு.

திட்டுவாங்கன்னு பாத்தேன். மொகத்தப் பாத்தா பயந்துட்டாங்கன்னு தெரிஞ்சுது, கைப்பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சிருந்தாங்க. பெறகு அந்தக் கடையிலயே எனக்கு எதுத்தாப்புல உக்காந்து ரெண்டு டீ சொன்னாங்க.

‘சார், எங்களுக்கு ஒருத்தருக்கு எப்படி உதவுறதுன்னு தெரியாமப் போகும். அப்ப எங்களவிடப் பெரியவங்ககிட்ட வந்து கேட்டுக்குவோம். பேரு ஊரு சொல்லமாட்டோம். இன்னைக்கு ஒரு அப்பாவப் பத்திக் கேக்க வந்தேன்.’

‘எந்த அப்பா?’ன்னேன்.

‘நீங்க கண்டுபிடிச்சிருவீங்க சார்’னாங்க. டீயப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

எப்படி? தெரியலன்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க பாத்தீங்களா? ரெண்டு வருசப் படிப்பு, செவுத்துல சட்டம், கோணல் நாற்காலி. கடைசியில தெரியல! அன்னைக்கே விசாலத்துக்கிட்டச் சொன்னேன், ‘மாட்டிக்கிட்டாங்கடி’ன்னு. அவ, ‘அந்தம்மா அழுதுச்சுன்னீங்களே, யாருக்காக?’ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. இவளுக்கு எப்பவுமே விசயம் புரியாது.

மணப்பாற வந்துருச்சு. காலக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறேன், எறங்குறவங்க எறங்க வசதியா இருக்கும். முறுக்கு விக்கிறவர் வேற ஏறிட்டாரு. ரெண்டு நிமிசந்தான் நிப்பான் இங்க.

வண்டி எடுத்துட்டான். நீங்க...

ம். சரி. ஒண்ணுமில்ல. சொல்லிக்கிட்டே போறேன்.

ஒம்பதாவது வியாழக்கெழம. போகவா வேண்டாமான்னு இருந்துச்சு, ஆனா கையெழுத்து வேணுமே. போனேன். நாற்காலியப் பாத்தேன். நேராப் போட்டு வச்சிருக்காங்க, எனக்கு முன்னாடியே. அது என்னமோ எனக்குப் புடிக்கல. நான் கொஞ்சம் கோணலா இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

‘அன்னைக்கு மாடிப்படியில உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னாங்க சார்?’னாங்க. எட்டு வாரமா நான் அந்த எடத்த மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன், அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சரி, இவங்களுக்கும் பொழுது போகணுமேன்னு சொன்னேன்.

கொடி சொன்னது இதுதான். ‘ஆதிரை ஸ்கூல்லேருந்து வந்ததும் அவ பையத் தொறந்து பாக்குறேம்ப்பா. மூணு வயசுப் புள்ள. ஒரு பென்சில் அதிகமா இருந்தாக்கூட யாருது, எங்க எடுத்தன்னு கேக்குறேன். நிறுத்த முடியல. முந்தாநா நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவளாப் பையத் தொறந்து எங்கிட்ட நீட்டிக்கிட்டு நிக்கிறா. பயந்து போயி நிக்கிறாப்பா. அதுக்குத்தான் இங்க வர்றேன்.’

அதுக்கு நான் சொன்னேன், ‘புள்ள தானா நீட்டுதுன்னா நல்ல பழக்கந்தானம்மா.’

அம்புட்டுத்தான் சொன்னேன். வேற ஒரு வார்த்த சொல்லல. அதுக்குத்தான் பதினாலு மாசம்.

இத எஸ்தரம்மாகிட்டச் சொல்லி முடிச்சேன். ‘ம்’ வரும்னு இருந்தேன். வரல. ஒம்பது வாரத்துல மொத தடவையா ‘ம்’ வரல. அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. எப்படி இருந்துச்சுன்னு அவங்க கேக்கக்கூட இல்ல, கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

எடுத்தாச்சுப்பா, ரெண்டு பேருமே எடுத்தாச்சு. போ, பின்னாடி பாரு, அங்கதான் புதுசா ஏறியிருக்காங்க. இந்தக் கண்டக்டரு பொடியன் நல்லாத்தான் பாக்குறான். எங்க காலத்துலன்னா இவன மெச்சியிருப்பேன்.

விசயத்துக்கு வர்றேன். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அந்தம்மா சொன்னாங்க, ‘பத்தாவது இங்க இல்ல சார். உங்க பொண்ணு வீட்டுல. நான் அவங்ககிட்டப் பேசிட்டேன், ஒரு மணி நேரம் சரின்னு சொல்லியிருக்காங்க. அந்த ஒரு மணி நேரம் நீங்க யாரையும் ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. என்ன, எங்க, ஏன், எப்ப, எதுவும். நோட்டுல கையெழுத்து உங்க பொண்ணு போடுவாங்க.’

இதான் அந்தக் கண்டிசன். கேள்வி கேக்காம ஒரு மணி நேரம்! சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாது. புள்ள எந்தக் கிளாஸ்னு கேக்கக் கூடாது. பெத்தவன் வேற எப்படிப் பேசுவான்? எங்க வீட்டுல எங்கப்பா பேசினதும் இப்படித்தான், நான் பேசினதும் இப்படித்தான். கேள்விய எடுத்துட்டா என் வாயில மிச்சம் ஒண்ணுமே இல்ல. அத மதுரையில ஒருத்தர் ஒக்காந்து யோசிச்சு, இவங்க போயிக் கேட்டு, வாங்கிட்டு வந்து எனக்குக் குடுக்குறாங்க. வைத்தியமாம்.

வீட்டுல பழகிப் பாத்தேன். மத்தியானம் சாப்பாட்டுல உக்காந்து, கடியாரத்தப் பாத்துக்கிட்டே ஆரம்பிச்சேன். ரசம் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. நாலு நிமிசம் தாக்குப் புடிச்சேன். அஞ்சாவது நிமிசம், ‘புளி எந்தக் கடையில வாங்கின?’ன்னு வந்துருச்சு. விசாலம் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்றா, ‘முப்பத்தாறு வருசத்துல இன்னைக்குத்தான் நாலு நிமிசம் நிம்மதியாச் சாப்பிட்டேன்.’ கிண்டல் பண்றா. கிண்டல்தான். மறுநா ஆறு நிமிசம். நேத்து ஒம்பது. அதுக்கு மேல நெஞ்சுக்குள்ள என்னமோ முட்டிக்கிட்டு வருது தம்பி. தெரியாம இருக்குறது எனக்குத் தாங்க மாட்டேங்குது. இது என்ன வியாதின்னு எனக்குத் தெரியல, இதுக்கு ஊசி இருந்தாப் போட்டுக்குவேன்.

பயமாத்தான் இருக்கு. சொல்றதுக்கு என்ன. புள்ள பையத் தூக்கிட்டு வந்து எம் முன்னால நீட்டினா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. கை தானாப் போயிரும்.

அந்தா தெரியுது பாருங்க ஊரு. மணி மூணு இருபத்தியெட்டு. கருமண்டபம் வருது, நான் எறங்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன்.

உங்க டிக்கெட்டு மணப்பாற வரைக்குந்தான். நீங்க எறங்கல. வண்டி மணப்பாறைய விட்டு எடுத்தப்ப மணி ரெண்டு அம்பது, பாத்து வச்சிருக்கேன். முப்பத்தெட்டு நிமிசம். அப்பருந்து எனக்குத் தொண்ட வரைக்கும் வந்து நிக்குது. கத கேட்டுக்கிட்டே எறங்க மறந்தீங்களோ, பாதியில எந்திரிச்சா கெழவன் மனசு கஷ்டப்படுவானேன்னு உக்காந்திருந்தீங்களோ, இல்ல மொதல்லேருந்தே திருச்சிக்கு வர்ற ஆளுதானோ. நான் ஏன்னு கேக்கல. கண்டக்டர் வந்தப்பக்கூட எடுத்தாச்சுன்னு சொன்னேன். முப்பத்தொரு வருசத்துல ஓடுற வண்டியில நான் சொன்ன மொதப் பொய்யி அது. எறங்குறதுக்குள்ள அவன்கிட்டச் சொல்லி மணப்பாறையிலேருந்து ஒரு டிக்கெட் எடுத்துருங்க. அது வேற, இது வேற.

இந்தாங்க நோட்டு. இந்தாங்க பேனா. ஒம்பதாவது வரிக்குப் பக்கத்துல, ஓரத்துல எழுதுங்க. பத்தாவத விட்டுருங்க, அது அவ போட வேண்டியது. ‘மணப்பாற தாண்டி முப்பத்தெட்டு நிமிசம், இவரு எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வாயால சொன்னாக் கொடி நம்பமாட்டா. சும்மாச் சொல்றதா நெனப்பா. கையெழுத்து இருந்தாத்தான் கதவுகிட்டயே காட்டலாம்.

வண்டி ஆடுது, மெதுவா எழுதுங்க. கீழ பேரயும் தெளிவாப் போட்டுருங்க. உங்க பேரு என்...

இல்ல. நான் கேக்கல. நீங்களே எழுதுங்க.